பதிப்பகம் சாராமல் நூல் வெளியிடும் தமிழ் எழுத்தாளருக்குப் பயன்படும் இணையக் கருவிகள் எவை?

என் நூல்களை நானே வெளியிட்டு வருபவன் என்ற முறையில் இதற்கு விடை கூறுகிறேன். எந்தக் கருவியையும் தேடுவதற்கு முன், உங்கள் படைப்பு முழுவதும் பிழையற்ற ஒருங்குறியில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறிமுறையில்) இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் மின்னூலுக்கும் அச்சு நூலுக்கும் அதே உரை போதும். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் திருத்தத்துக்குப் பணமும் நேரமும் செலவாகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் இன்றும் பலரிடம் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடும். அச்சுப் பிரதி மட்டுமே கையில் இருந்தால், பக்கங்களை வருடியெடுத்து (ஸ்கேன் செய்து) கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால், படத்தில் உள்ள தமிழ் திருத்தத்தக்க உரையாகக் கிடைக்கும். ஆனால் இப்படிப் பெற்ற உரையிலும், நாமே தட்டெழுதிய உரையிலும்கூட, கண்ணுக்குப் புலப்படாத சில பிழைகள் தங்கியிருக்கக்கூடும். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரமும், எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழும் (௭), அகரத்துக்குப் பதிலாக எட்டும் (௮), ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தனித்தனியாக வந்து நிற்பதுண்டு. படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு குறிகள் என்பதால், வாசகர் அந்தச் சொல்லைத் தேடினால் உங்கள் நூல் அகப்படாது. இந்த நான்கையும் தேடி மாற்றுவதற்குச் சிறிது நேரம் ஒதுக்குவது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

அடுத்தது பிழைதிருத்தம். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும், நாவி சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வேர்ச்சொல் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஏற்று எண்ணற்ற வடிவங்கள் கொள்ளும் மொழியில், அகராதியை மட்டும் ஒப்பிட்டுப் பிழை காண முடியாது. சொல்லைப் பகுத்துப் பார்க்கும் திறன் வேண்டும். அந்தக் கடினமான பணியைச் செய்து பொதுவில் வைத்திருப்பதற்குத் தமிழில் எழுதுவோர் அனைவரும் நன்றி பாராட்ட வேண்டும். ஆயினும் ‘கரை’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘கறை’ என்று எழுதினால் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கருவிக்கு ஐயம் எழாமல் போகலாம். வட்டார வழக்கையும் ஊர்ப்பெயரையும் அது பிழையென்று காட்டக்கூடும். ஆகவே செலவு செய்ய உங்களிடம் சிறிது பணம் இருந்தால், அதை முதலில் அனுபவமுள்ள ஒரு மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள்.

பக்க வடிவமைப்புக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளே பெரும்பாலான நூல்களுக்குப் போதுமானது. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அச்சிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அச்சகத்தார் இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தால், அதில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழும். மின்னூல் கோப்பை உருவாக்கக் காலிபர், சிகில் ஆகிய இரு இலவச மென்பொருள்களும் உதவும்.

வெளியிடும் இடத்தைப் பொறுத்தவரை அவசரப்படாமல் முடிவெடுக்க வேண்டும். அமேசான் கிண்டில் 2016 முதல் தமிழ் நூல்களை ஏற்கிறது. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமைத்தொகை பெற வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற தனியுரிமைத் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் தவணைக் காலத்தில் அந்த மின்னூலை உங்கள் சொந்த வலைத்தளம் உட்பட வேறெங்கும் தரக்கூடாது. மறுபுறம், 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலைக் கொடுத்தால் எவரும் இலவசமாகப் படிக்கலாம், பகிரலாம். ஒருமுறை பெற்றவரிடமிருந்து அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. வருவாய் முதன்மையா, வாசகர் பரப்பு முதன்மையா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் நூலென்றால் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். அச்சு நூலுக்கு, கேட்கும் அளவில் மட்டும் அச்சிட்டுத் தரும் போத்தி, நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் இருப்பதால் படிகளைக் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கிவைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டுத் தர நூல் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி விண்ணப்பத்தின் பேரில் கட்டணமின்றி வழங்குகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சு வடிவத்துக்கும் மின்வடிவத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். கிண்டிலில் மட்டும் வெளியிடுவதானால் எண்ணே தேவையில்லை. பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுக்கு உரியதாகிவிடுகிறது. எனினும் பின்னாளில் வழக்கு எழுந்தால் சான்று வேண்டும் என்று நினைப்பவர்கள், இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.