ஆறாத கால் புண்ணுக்கு நம்ம ரத்தமே மருந்தா? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி (குடியாத்தம்): அப்பாவுக்கு சுகர். உள்ளங்கால் புண்ணு எட்டு மாசமா ஆறல. ரத்தம் எடுத்து புண்ணு மேலயே வைப்பாங்களாம், பயமா இருக்கு டாக்டர்.

பயப்படாதீங்கம்மா, அது வேற யார் ரத்தமும் இல்ல, அவரு கையிலருந்தே பத்து இருபது மில்லி எடுக்குறதுதான். பி.ஆர்.எஃப்.னு (பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்) சொல்லுவோம். உறையாம இருக்க மருந்து எதுவும் கலக்காம உடனே மெஷின்ல போட்டு சுத்தணும், லேட் பண்ணா டியூப்லயே உறைஞ்சிடும். சுத்தி எடுத்தா அடியில சிவப்பணு, மேல மஞ்ச தண்ணி, நடுவுல இளநீர் வழுக்கை மாதிரி ஒரு கட்டி நிக்கும், பிளேட்லெட் நெறைய அதுலதான் மாட்டியிருக்கும். அத காஸ் துணியில வச்சு லேசா அழுத்துனா மெல்லிசா ஒரு ஜவ்வு கெடைக்கும், சுத்தம் பண்ண புண்ணு மேல அத வச்சு கட்டிடுவோம். அதுலருந்து கசியுற புரதங்கள் புது ரத்தக்குழாயும் சதையும் வளர தூண்டும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவன்னு பல வாரம் வைக்கணும்.

ஆனா சீழ் இருந்தாலோ எலும்பு வரைக்கும் கிருமி போயிருந்தாலோ மொதல்ல அத சரி பண்ணணும், கால்ல ரத்த ஓட்டம் இருக்கான்னும் பாக்கணும். முக்கியமா அந்த கால ஊனி நடக்கவே கூடாது, நடந்தா வச்ச ஜவ்வு நசுங்கிடும், அத்தன பாடும் வீண்.

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனில நாள் பூரா நின்னே வேல. கணுக்கால் உள்பக்கம் புண்ணு, சுத்தி கருத்துப் போச்சு.

கால் சிரை வீங்குறதால வர்ற வெரிகோஸ் புண்ணு மாதிரி தெரியுது, ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. தமனி ஓட்டம் நல்லா இருந்தா இறுக்கமா பேண்டேஜ் கட்டுறதுதான் முதல் வைத்தியம், பி.ஆர்.எஃப். அதுக்கு தொணைதான்.

கேள்வி (வேலூர்): எனக்கும் பி.ஆர்.எஃப். வைக்கணும்னாங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுறேன், நிறுத்திடவா?

நீங்களா நிறுத்தாதீங்க. இதய டாக்டர கேளுங்க.

கேள்வி (காட்பாடி): மாமாவுக்கு தொழுநோய் எப்பவோ குணமாச்சு. இப்ப பாதத்துல புண்ணு, நோய் திரும்பிடுச்சா?

பெரும்பாலும் இல்லங்க. கிருமி செத்தாலும் கெட்டுப்போன நரம்பு அப்படியே இருக்கு, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டு வர்ற புண்ணு இது. 1946ல வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் இத நம்ம ஊர்லயேதான் எடுத்துக் காட்டுனாரு, சதை தானா அழுகி விழறதில்லன்னு. அதனால மாமாவ ஒதுக்கி வைக்காதீங்க, தயவுசெஞ்சு. இந்த புண்ணுக்கும் பி.ஆர்.எஃப். நல்லா கேக்குது. ஆறினதும் எம்.சி.ஆர். செருப்பு (மெத்துனு இருக்குற ரப்பர் செருப்பு) போடணும், 1955லருந்து இருக்குற கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில கேளுங்க. செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு தடவிப் பாக்க சொல்லுங்க, கைலயும் மதமதப்பு இருந்தா நீங்களே பாருங்க. எங்கிட்ட வந்த ஒருத்தர் செருப்புல ஆணி ஏறி குதிகால்ல குத்திட்டு இருந்துச்சு, கழட்டுற வரைக்கும் அவருக்கு தெரியவே இல்ல.