சென்சார் அலறும் இரவுகள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. நெடுநாள் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். துபாயில் இருக்கும் கொழுந்தனார், கையில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சார் வாங்கி அனுப்பினார். அளவு அவருடைய போனுக்கும் போகிறது. நள்ளிரவில் 'சர்க்கரை குறையப்போகிறது' என்று செயலி அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 110. இன்சுலினைக் குறைக்கும்படி செயலி சொல்வதாகக் கொழுந்தனார் வற்புறுத்துகிறார். யாரை நம்புவது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அந்த நேரத்தில் விரல் ரத்தத்தை நம்புங்கள். அத்தை எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார் என்று பாருங்கள். சென்சார் உள்ள கை உடம்பின் கீழே அழுந்தினால், சர்க்கரை இறங்கியதாகப் பொய்யாகக் காட்டும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. அதனால் அளவு சில நிமிடங்கள் பிந்தியே தெரியும். ஆனால் செயலி இனி நடக்கப்போவதையும் கணிக்கிறது. எனவே 110 என்று பார்த்ததும் படுத்துவிடாமல், கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.

தொல்லை என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். நெடுநாள் இன்சுலின் போடுபவர்களில் பலருக்கு வியர்வை, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் மங்கிவிடும். உறக்கத்திலேயே மயக்கத்துக்குப் போகக்கூடும். அந்த ஆபத்தைத் தவிர்க்க இந்தக் கருவி பெரிய துணை. 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இதையெல்லாம் துபாயிலிருந்து செய்ய முடியாது. அலாரம் பக்கத்து அறையில் படுப்பவரின் போனிலும் கட்டாயம் ஒலிக்க வேண்டும்.

இன்சுலின் அளவை மட்டும் செயலியின் சொல்லுக்காக மாற்றாதீர்கள். இத்தகைய செயலிகளில் உள்ள செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்குத் துணை நிற்கலாம் என்பதே 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறை. செயலி தரும் இரண்டு வார அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் அதே நேரத்தில் சர்க்கரைக் கோடு கீழே இறங்கினால், மாற்ற வேண்டியது எந்த வேளை ஊசி என்று அவருக்குப் புரிந்துவிடும்.

கொழுந்தனாரிடமும் ஒன்று சொல்லுங்கள். இட்லி சாப்பிட்டபின் 200 காட்டினால் பதற வேண்டாம். இந்த வயதில், நாளில் பாதி நேரத்துக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் போதும். தாழ்சர்க்கரையைத் தவிர்ப்பதே முதல் வேலை. தொலைவில் இருப்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் பயம் தருவது இயல்புதான்; அவருடைய அக்கறையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 'தானே' புயலில் மின்சாரம் போய் எத்தனை நாள் தவித்தீர்கள்! ஐப்பசி பிறக்குமுன் குளுக்கோமீட்டர் பட்டைகளும் மாற்று பேட்டரியும் வாங்கி வையுங்கள். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால், இன்சுலினை ஈரம் புகாதபடி சிறு டப்பாவில் மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைக்கலாம்.

இரவு உணவு எத்தனை மணிக்கு, ஊசி எத்தனை யூனிட் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் ஒரு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.