கதிர்வீச்சுக்குப் பின் அப்பாவின் காது அடைப்பு

வணக்கம். மூக்கின் பின்புறத் தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக 35 முறை கதிர்வீச்சும் உடன் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் பெற்று முடித்த ஆறு மாதத்தில், வலக்காது அடைத்துத் தம் குரலே உள்ளே எதிரொலிப்பதாகத் தங்கள் தந்தை சொல்வதை, வயதின் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம்.

தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் கதிர்வீச்சினால் வீங்கியோ இறுகியோ போனால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் தோன்றுகிறது, இதற்கு வழி உண்டு. கதிர்வீச்சால் உட்காது பாதிக்கப்படுவது வேறு. அது மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும், பொதுவாக மீளாது. சிஸ்பிளாட்டினோ பெரும்பாலும் இரு காதுகளிலும் உயர்ந்த சுருதி ஒலிகளையே முதலில் பறிக்கும்.

ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் கேளுங்கள். நோய் திரும்பினாலும் இதே குழாய் அடைபடலாம் என்பதால் எண்டோஸ்கோப்பியில் மூக்கின் பின்புறத்தையும் பார்த்துவிடுவது நல்லது. தேங்கிய நீர் வடியச் செவிப்பறையில் குரோமெட் என்ற சிறு குழாயைப் பொருத்துவதாகச் சொன்னால் சற்று நிதானியுங்கள், கதிர்வீச்சு பட்ட காதில் அது நாள்பட்ட சீழ் வடிதலைத் தரக்கூடும். பட்ஸும் காய்ச்சிய எண்ணெயும் (யார் வீட்டில்தான் சொல்லமாட்டார்கள்!) காதுப்பக்கமே போக வேண்டாம். ஒரே நாளில் கேட்கும் திறன் சட்டெனக் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து பலன் தருவது தொடக்க நாட்களில்தான்.