நடப்போர் கேள்விகள்: குன்னூர் இறக்கத்துக்கு எந்த ஷூ?

பதில் தருபவர்: கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

கே: வயது 54. மேல் குன்னூரில் இருக்கிறேன். தினமும் காலையில் சிம்ஸ் பார்க் பக்கம் ஒரு மணி நேரம் நடை, நடுவில் கொஞ்சம் மெதுவோட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினால் பெருவிரல் இடித்து நகம் கறுத்துவிடுகிறது. சென்னையில் இருக்கும் மகன் நல்ல குஷன் ஷூ ஆன்லைனில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எதைச் சொல்லட்டும்? – வாசகி, குன்னூர்

ப: அனுப்ப வேண்டாம், அடுத்த முறை வரும்போது கோவைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் நகம் கறுப்பது குஷன் போதாமல் அல்ல. இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னால் சரிந்து முட்டுகிறது. நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னே ஒரு கைக்கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். (பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். கடைக்காரர் என்னவோ பெருவிரலை மட்டுமே அமுக்கிப் பார்ப்பார்.) சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடமாடிய கால் சற்றே வீங்கியிருக்கும். நம் குளிருக்குப் போடுகிற தடித்த சாக்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடையின் வழவழப்பான தரையில் நாலடி வைத்துவிட்டு, "மெத்துமெத்துன்னு இருக்கு" என்று வாங்கி வருவதில்தான் மலைக்காரர்கள் ஏமாறுகிறோம். விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு, அங்கே இருக்கும் படிக்கட்டிலோ சாய்தளத்திலோ நாலைந்து தடவை இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால் அரை அளவு கூட்டுங்கள். விரல்கள் பக்கவாட்டில் நெரிந்தால் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை, அகல அளவு கேட்க வேண்டும். பெண்கள் ஷூவில் 'பி' வழக்கமான அகலம், 'டி' கூடுதல் அகலம்.

லேஸ் கட்டும் விதமும் உண்டு. கணுக்கால் ஓரமாக மேலே ஒரு துளை சும்மா கிடக்கும். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, ஒரு பக்க நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னாலேயே பிடித்து நிற்கும். இதைப் பழைய ஷூவிலேயே நாளைக்குச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

இப்போது குஷனுக்கு வருகிறேன். தடித்த சோல் மலைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குப் பேர்போன ஹோகா ஷூ நிறுவனம் 2009-ல் பிரான்சில் தொடங்கியபோதே, மலை இறக்கத்தில் வேகமாக ஓடி இறங்கத்தான் அந்தச் சோலைச் செய்தார்கள். ஆனால் உயரம் கூடினால் அடிப்பாகம் அகலமாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜல்லிக்கல் மேல் ஓரமாக மிதித்ததும் கணுக்கால் புரளும். ஷூவைக் கையில் எடுத்து முறுக்குங்கள். ஈரத்துணி பிழிவது போல நடுவில் சுருண்டால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று 'டிராப்': குதிகால் பக்க உயரத்துக்கும் முன்பாதத்தின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். 10 மி.மீ. அளவில் இருப்பது பழைய வழக்கம். 4, 5 மி.மீ. ஷூக்களும் உண்டு. இது குறையக் குறையக் கெண்டைக்காலும் குதிநரம்பும் கூடுதலாக இழுபடும். ஏற்றமும் அதே இடத்தைத்தான் இழுக்கிறது. வீட்டுக்குத் திரும்ப ஏறியே ஆக வேண்டிய உங்களுக்கு 8 முதல் 10 வரை இருக்கட்டும். அசிக்ஸ் நிம்பஸ், புரூக்ஸ் கோஸ்ட், நைக்கி பெகாசஸ் எல்லாம் உங்கள் மாதிரி தினசரிக் காரியத்துக்குச் செய்தவைதான். இறங்கிப் பார்த்து, காலுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். போன வருட மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது.

கே: ஈரக் கால்தடம் பார்த்துப் பாத வளைவுக்கேற்ற ஷூ வாங்க வேண்டும் என்கிறார்களே? – வாசகர், ஊட்டி

ப: அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பாத வளைவு பார்த்து ஷூ கொடுத்த பிரிவுக்கும், எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்த பிரிவுக்கும் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. போட்டதும் சுகமாக இருக்கிறதா என்று பாருங்கள், போதும். சர்க்கரை நோயால் பாதத்தில் மரமரப்பு இருந்தால் மட்டும் அந்தச் சுகத்தை நம்பக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

கே: தேயிலைத் தோட்டச் சாலையில் ஓடுகிறேன். ஜனவரிக் காலையில் ஷூ கட்டையாக இருக்கிறது, மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறது. – வாசகர், கோத்தகிரி

ப: பெரும்பாலான ஷூக்களின் நடுச்சோல் ஈவிஏ எனும் நுரைப் பொருள். குளிரில் அது இறுகும், தம்பி. ராத்திரி வராந்தாவில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். நனைந்தால் உள்சோலை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் நுரை சுருங்கி அளவே மாறிவிடும். நீர்புகா ஷூவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே போகும், பிறகு வெளியே வராது. வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் பேருக்கு இரண்டு துண்டு மட்டும் ஒட்டி, மிச்சமெல்லாம் வெறும் நுரையாக விட்டிருந்தால் பாசி பிடித்த வளைவில் வழுக்கும்.

கே: தினமும் ஏரியை ஒரு சுற்று வருகிறேன். ஷூவின் மேல்துணி புதிதாகவே இருக்கிறது. எப்போது மாற்றுவது? – வாசகி, கொடைக்கானல்

ப: மேல்துணியை வைத்துச் சொல்ல முடியாது. ஓடுபவர்களுக்கு 500 முதல் 800 கி.மீ. என்பது பொதுவான கணக்கு. உங்கள் சுற்று ஏறக்குறைய 5 கி.மீ., அதுவும் நடை, எனவே அதைவிடக் கூடவே தாங்கும். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, சோலின் பக்கவாட்டில் ஆழமாகச் சுருக்கம் விழுந்திருந்தாலோ மாற்றுங்கள். ஒரு ஷூ மட்டும் முந்தித் தேய்கிறது என்றால், சரிவான சாலையோரத்தில் எப்போதும் ஒரே திசையில் நடக்கிறீர்களா என்று பாருங்கள். வாரத்தில் பாதி நாள் எதிர்த்திசையில் சுற்றுங்கள்.