வன்னி ஆறுகளில் துடுப்பு வள்ளம்: கேள்வி பதில்

கனகராயன் ஆறு, அருவியாறு, சுண்டிக்குளக் கடனீரேரிப் பக்கம் வள்ளத்தில் போய்ப் பறவையும் முதலையும் பார்க்க விரும்புகிறவர்கள் கேட்டவை இவை.

ஆவணி லீவுக்கு கனகராயன் ஆற்றில் கயாக் விடலாமோ அண்ணை? (வவுனியா)

விடலாம் தம்பி, வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கச் சம்மதமென்றால். சேமமடுப் பக்கம் தொடங்கி இரணைமடு வழியாகச் சுண்டிக்குளம் போகும் இந்த ஆறு மாரியை நம்பி ஓடுவது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம். தை கடைசி தொடங்கிப் பங்குனி நடுப்பகுதி வரைதான் தோது. வான்கதவு திறந்திருக்கும் நாளில் இரணைமடுவுக்குக் கீழே இறங்கவே வேண்டாம். வானம் வெளித்திருந்தாலும் தண்ணி சடாரென்று ஏறும். இறங்குமுன் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுக் கால்மணி நேரம் பாருங்கள். குச்சி நனைந்து, சருகும் தடியும் மிதந்து வந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

எந்த வள்ளம், எந்தத் துடுப்பு?

மேலே உட்காரும் வகைக் கயாக், 10 முதல் 12 அடி. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணி நிற்காது. இரண்டரை அடி அகல வள்ளத்துக்கு 230 சென்ரிமீற்றர் துடுப்பு பொருந்தும். குட்டையானதை எடுத்தால் விரல் வள்ள விளிம்பில் அடிபடும். மிதப்பங்கியை வள்ளத்தில் வைப்பதல்ல, உடம்பில் கட்டுவது. தூரநோக்கியில் 8 மடங்கு போதும். 10 மடங்கென்றால் வள்ளத்தின் ஆட்டமும் பெரிதாகத் தெரியும்.

சாய்ந்த மருதமரம் ஆற்றை மறித்தால்? (மடு)

முதலையை விட நான் பயப்படுவது இதற்குத்தான். கிளைகளுக்கூடாகத் தண்ணி போகும், ஆள் போகமாட்டார். தூரத்தில் கண்டதுமே கரையேறி வள்ளத்தைத் தூக்கிக் கடவுங்கள். தப்பித் தவறி வள்ளம் குறுக்காக மோதினால் உடம்பை மரத்தின் பக்கம் சாயுங்கள். பயத்தில் எல்லாரும் மறுபக்கந்தான் சாய்வார்கள். உடனே மேலிருந்து வரும் தண்ணி விளிம்பில் ஏறி வள்ளத்தைப் புரட்டிவிடும். அருவியாற்றிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணி திருப்பும் தேக்கம் அணையும் இப்படித்தான். அணையின் அடியில் சுழலும் நீர் ஆளை வெளியே விடாது. மேலே நன்றாகத் தள்ளியே கரையேறுங்கள்.

முதலை வள்ளத்தைத் தாக்குமா? (கிளிநொச்சி)

இலங்கையில் இரண்டு வகை. குளங்களிலும் ஆறுகளிலும் காண்பது அகன்ற மூஞ்சிச் சதுப்பு முதலை. பிடரியில் நான்கு பெரிய செதில்கள் எடுப்பாக நிற்கும். மற்றது உவர்நீர் முதலையான செம்மூக்கன். அதற்கு மூஞ்சி நீளம், கண்ணிலிருந்து மூக்கை நோக்கி இரண்டு வரம்பு ஓடும், பிடரிச் செதில் பெரும்பாலும் இராது. உவர்நீர் கலக்கும் முகத்துவாரங்களில் செம்மூக்கன் இருக்குமென்றே நினைத்து நடவுங்கள். அதுதான் கூட முரடு.

விடிய எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் காயக் கரையேறும். வாயைப் பிளந்து கிடந்தால் கோபமில்லை, சூடு தணிக்கிறது. அதற்கும் தண்ணிக்கும் நடுவே வள்ளத்தை விடாதீர்கள். மிரண்டால் அது பாயும் வழி தண்ணிதான், அந்த வழியில் நீங்கள் நிற்பீர்கள். சேற்றில் வயிறு வழுக்கிய தடமும், நடுவில் வால் இழுத்த கோடும், இருபுறமும் நகக்குறியும் கண்டால் அங்கே இறங்கவேண்டாம். தடம் ஈரமாயிருந்தால் ஆள் பக்கத்தில்தான். கை காலைத் தொங்கவிடுவது, மீன் கழுவுவது, நாயை ஏற்றிப் போவது மூன்றும் கூடாது.

பூநாரையைக் கிட்டப் பார்க்க என்ன வழி?

கிட்டப் போகாமல் இருப்பதே. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, நேரே போகாமல் சாய்வாக நகர்ந்து, நல்ல தூரத்திலேயே துடுப்பை மடியில் வையுங்கள். மேய்கிற கூட்டம் முதலில் கழுத்தை நிமிர்த்தும், பிறகு ஒரே பக்கமாக நடக்கும், மூன்றாவதாகப் பறக்கும். கழுத்து நிமிர்ந்த உடனேயே பின்வாங்குங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைத்த மரத்தடிக்குப் போகவே வேண்டாம். தாய் எழும்பினால் முட்டை காகத்துக்கு, குஞ்சு வெயிலுக்கு.

அனுமதி வேணுமோ?

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். இரண்டுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள். குளங்களென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம்.

நடுவழியில் கரையேறிச் சமைக்கலாமா? (முல்லைத்தீவு)

ஊராக்கள் குளிக்கும், மாடு இறக்கும் துறையில் மட்டும். வெள்ளம் மிதிவெடியை இடம் மாற்றிவிடும். வெடி அகற்றித் துப்புரவாக்கிய காணியின் விளிம்பிலும் அது வரலாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணியில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் வழியாக ஏறும். போய்வந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வைத்தியரிடம் ஆற்றில் இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள்.