சீட்டும் கட்டுகிறோம், வளையலும் அடகில் இருக்கிறது. எங்கே துண்டு விழுகிறது?

கேள்வி: திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குச் சம்பளம் 32,000 ரூபாய். தையல் வேலையில் எனக்கு 14,000 வரும். மகன் எட்டாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. செலவையெல்லாம் நோட்டில் எழுதுகிறேன், வீண் செலவு இல்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாத ஏலச்சீட்டும் கட்டுகிறோம். இன்னும் எடுக்கவில்லை, 8 மாதம் பாக்கி. அப்படியும் ஒவ்வொரு ஜூனிலும் வளையல் அடகுக்குப் போகிறது. இந்த ஜூனில் இரண்டு வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கி, ஐந்து மாதமாக மீட்கவில்லை. கணக்குப் பேச உட்கார்ந்தாலே சண்டை வருகிறது. 8 வயது மகள் பேரில் செல்வமகள் திட்டத்தில் போடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் நோட்டில் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 9,000, மளிகை 8,500, காய்கறியும் கறியும் 4,000, பெட்ரோல் 2,500, மாமியாருக்கு 2,000, பால் 1,800, கேஸ், கரண்ட், போன், கேபிள் எல்லாம் சேர்ந்து 2,900. மொத்தம் 30,700. சீட்டுப் பணம் போக 10,300 ரூபாய் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால், நோட்டில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அது மாதாமாதம் வராது, வருடத்துக்கு ஒருமுறை இருமுறை வரும். அதனால்தான் அது மாதக் கணக்கில் சிக்குவதில்லை.

அதைப் பிடிக்க ஒரு வழி: இருவரும் போனில் ஜிபேயைத் திறந்து, இந்த மாதத்திலிருந்து போன வருடம் இதே மாதம் வரை பின்னோக்கிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான் போடும் கணக்கு இது. உங்கள் தொகையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 62,000, புத்தகம், சீருடை, ஷூ 9,000, தீபாவளி 18,000, பொங்கல் 6,000, மொய்யும் செய்முறையும் 24,000, எல்ஐசி பிரீமியம் 14,500, வண்டி இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 6,500, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 8,000, மருத்துவம் 12,000. கூட்டினால் 1,60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,300 சொச்சம். உங்கள் கையில் மிஞ்சுவதோ 10,300. மாதம் 3,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஒரு வருடத்தில் அது 36,000. வளையல் அடகுக்குப் போவது இதனால்தான். சேமிப்பு என்று நினைத்துச் சீட்டுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை அடகுக்கடையில் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறீர்கள்.

இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். 60,000-க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் பொதுவாக இதில் பாதி வட்டிக்கே கிடைக்கும். அடுத்து எப்போதாவது நகை வைக்க நேர்ந்தால் அங்கே போங்கள்.

சீட்டை நடுவில் நிறுத்த வேண்டாம், நஷ்டம்தான் மிஞ்சும். எடுத்துவிடுவது நல்லது. வரும் ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகையும் சீட்டு நடத்துபவரின் கமிஷனும் சேர்ந்து 10,000-க்குள் நின்றால் துணிந்து எடுங்கள். கடைசி மாதம் வரை காத்திருந்தால் வளையலுக்கு 9,600 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். கமிஷன் எப்போது எடுத்தாலும் உண்டு. கைக்கு 90,000 வரும். அசல் 60,000, ஐந்து மாத வட்டி 6,000 கொடுத்து வளையலை மீட்டால் மீதி 24,000. பாக்கியுள்ள எட்டு மாதமும் விழப்போகும் 3,000 ரூபாய்த் துண்டை அதுவே ஏறக்குறைய அடைத்துவிடும். அந்தப் பணத்தில் வேறெதுவும் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. சீட்டு முடிந்த கையோடு புதுச் சீட்டும் சேர வேண்டாம். (எப்போது சேர்ந்தாலும் 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்டு சட்டப்படி பதிவான சீட்டா என்று பார்த்துச் சேருங்கள்.)

வருடச் செலவுக்கான 13,300 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்கவே கூடாது. இணைத்தால் டீக்கடையில்கூட அதிலிருந்து போய்விடும். பள்ளிக் கட்டணப் பங்கை மட்டும் வங்கி ஆர்டியில் போடலாம், ஒரு வருடத்துக்கே போட முடியும். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருடத் திட்டம், ஜூன் மாதத் தேவைக்கு அது உதவாது. முதல் வருடம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். பள்ளியில் தவணையாகக் கட்ட முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலரும் இதைக் கணிக்க முடியாத செலவு என்கிறார்கள். பீரோவில் உங்கள் வீட்டுக் காதுகுத்தின் மொய் நோட்டு இருக்குமே, அதை எடுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். அதில் யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கணவர் பக்கத்து உறவு அவருக்குத்தான் தெரியும் என்பதால், இந்த நோட்டை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். "சம்பளம் எங்கே போச்சு?" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். "உங்க சித்தப்பா வீட்டுல இந்த வருஷம் விசேஷம் இருக்குமா?" என்றால் பதில் வரும். பேசுவதை மாதக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டாம். பணம் கையில் இருக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை போதும். எட்டாம் வகுப்பு மகனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவனுக்குப் புரியும்.

சீட்டு முடிந்ததும் மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆளுக்கு 1,000 கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்க வேண்டாம். இது நிறைய சண்டையைக் குறைத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். 250 ரூபாய் இருந்தால் போதும், இப்போதே தபால் நிலையத்தில் தொடங்கிவிடுங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 கட்டிவந்தால் கணக்கு உயிரோடு இருக்கும். பெரிய தொகையை இப்போது அதில் போடாதீர்கள். படிப்புக்காக எடுப்பதென்றாலும் மகளுக்குப் பதினெட்டு வயதாக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் கை கொடுக்கும் பணம் அல்ல அது. வளையல் வீட்டுக்கு வந்து, ஒரு ஜூன் மாதத்தை அடகில்லாமல் கடந்த பிறகு மாதம் 500 என்று தொடங்கலாம்.