மாண்டரே பாறையில் எண்ணெய் எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவின் மாண்டரே பாறையடுக்கில் 1,540 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று 2011-ல் சொன்ன அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், 2014-ல் அதை 60 கோடியாக இறக்கிவிட்டது. மூன்றே வருடத்தில் மீதி எங்கே போயிற்று? கணக்கில் கோட்டை விட்டார்களா, உள்நோக்கம் ஏதாவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோட்டைதான் விட்டார்கள். பாறைக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதல்ல அந்த எண்கள். இன்றைய தொழில்நுட்பத்தால் எவ்வளவு எடுக்கலாம் என்பது. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறையில் எடுப்பதுபோல இங்கும் எடுத்துவிடலாம் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது.

பாக்கன் ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருக்கும் பாறை. துரப்பணத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரே அடுக்குக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகலாம். மாண்டரே அப்படியல்ல. சுமார் 170 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கலிபோர்னியக் கடலோரப் பள்ளங்களில் படிந்த சேறு அது. ஆழத்திலிருந்து மேலேறிய குளிர்ந்த நீரில் டயட்டம் என்ற நுண்பாசிகள் கொழித்தன. அவற்றின் ஓடு சிலிக்கா. பல பள்ளங்களின் அடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் செத்து விழுந்தவை முழுக்க மக்கவில்லை. பின்னால் எண்ணெயானது அதுதான்.

கலிபோர்னியாவின் லோம்பாக் ஊர்ப் பக்கம் இந்தப் பாறை வெள்ளையாகக் கிடைக்கும். கையில் எடுத்தால் கல்லென்று நம்ப முடியாத அளவு லேசு; நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். (புவியியல்காரர்கள் கல்லை நக்கிப் பார்க்கிறவர்கள்தான்.) அதே சேறு ஆழத்தில் புதைந்து சூடேறினால், ஓபல் என்ற படிகமற்ற வடிவில் இருந்த சிலிக்கா படிப்படியாகக் குவார்ட்ஸ் என்ற படிகமாக மாறி, செர்ட் என்ற கடும்பாறையாகிறது. காய்ந்த அப்பளம்போல அது வளையாது, ஒடியும். போதாக்குறைக்கு, நிலத்தட்டுகளின் நெருக்கலில் அடுக்குகள் மடிந்து நொறுங்கிவிட்டன. பக்கவாட்டுத் துளை கொஞ்சதூரம் போனதும் அடுக்கை விட்டே வெளியேறிவிடும்.

நீங்கள் கேட்ட "எங்கே போயிற்று"வுக்கு நேரடி விடையும் இதில் இருக்கிறது. உருவான எண்ணெயில் பெரும்பகுதி அந்த விரிசல்கள் வழியே எப்போதோ மேலேறி, மணற்பாறைகளில் தங்கிவிட்டது. கலிபோர்னியா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இறைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதைத்தான். கொஞ்சம் தரைக்கே கசிந்து தாராகவும் வந்தது. சூமாஷ் பழங்குடியினர் பலகைப் படகுகளின் இடுக்கை அடைத்தது அந்தத் தாரால். சாண்டா பார்பரா கடலுக்கடி போன்ற சில இடங்களில் கதை வேறு: அங்கே விரிசல் விட்ட மாண்டரே பாறையே எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கிறது.

உள்நோக்கம் என்றால், இன்னொன்றுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கும். 2015-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் சான் வாக்கீன் படுகையின் ஆழமான மாண்டரே பகுதியைத் தனியாக மதிப்பிட்டது. அங்கே இனி கண்டுபிடித்து எடுக்கக்கூடியது என்று அவர்கள் சொன்னது சராசரியாக 2.1 கோடி பீப்பாய்.